பொருள் அறிந்து பாடுவோம்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பூசைப் பாட்டுப் பழக வந்த பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் நம் கோவில் முற்றத்துப் புங்கமரத்தடியில் கைப்பேசியை ஒரு செங்கல்லின்மேல் சாய்த்து வைத்து, அதன் முன்னே சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியிலிருந்து பிரெஞ்சுப் பாட்டு ஒன்று கேட்டது. அன்றைய அலைச்சலும் களைப்பும் சேர்ந்து எனக்குக் கோபமாக வெளிவந்தது. "அர்த்தம் தெரியாத பாட்டுக்குக் கோவில் வாசலில் ஆட்டமா?" என்று அதட்டினேன். மற்றப் பிள்ளைகள் தலைகுனிந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி மட்டும் மெதுவாய்க் கேட்டாள்: "சாமி, நற்கருணை ஆசீர்வாதத்துக்கு நாங்க பாடற தாந்தும் எர்கோவுக்கு என்ன அர்த்தம் சாமி?"

பிரியமானவர்களே, நான் உடனே விடை சொல்லவில்லை. பாட்டுப் பழக நேரமாயிற்று என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். குருமடத்தில் இலத்தீன் படித்தவனுக்கு விடை தெரியாமல் இல்லை. இத்தனை நாளாய் அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்கிற வெட்கந்தான் வாயை அடைத்தது.

அன்றிரவு அந்தப் பிரெஞ்சுப் பாட்டு இன்னதென்று விசாரித்தேன். 'டெர்னியேர் தான்ஸ்' என்பது அதன் பெயர். கடைசி நடனம் என்று பொருள். பிரான்சு நாட்டுப் பாடகி இண்டிலா 2013-ல் வெளியிட்டது. யூடியூபில் அது 100 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. பிறகு சில விநாடிகளே ஓடும் காணொளிகளுக்குப் பின்னணியாகி, தேசந்தேசமாய்ப் பரவிற்று. அதன் பொருள் என்ன? துயரத்தால் அடிபட்ட ஒருத்தி பாரீஸ் பட்டணத்தில் தனியே அலைகிறாள். காற்றோடும் மழையோடும் ஆடித் தன் நோவை மறக்கப் பார்க்கிறாள். நம் பிள்ளைகள் சிரித்த முகத்தோடு சுழன்று ஆடுவதற்கு எடுத்துக்கொண்ட பாட்டு ஓர் அழுகைப் பாட்டு!

இது புதிதல்ல. 2011 நவம்பரில், '3' என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்துத் தனுஷ் பாடிய 'ஒய் திஸ் கொலவெறி டி' வெளியாகி, சில நாளைக்குள் இந்தியா எங்கும் பரவினது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ் அறியாத வடநாட்டுச் சிறுவரும் அதை வாய் இனிக்கப் பாடினார்கள். கொலை என்றால் என்ன, வெறி என்றால் என்ன என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 2021-ல் இலங்கையில் யொஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிகே மகே ஹிதே' என்னும் சிங்களப் பாட்டை நம் தமிழ்ப் பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள். அது ஒரு பெண்ணைப் புகழும் காதல் பாட்டு என்பதை அறியாமலே அநேகர் பாடினார்கள். இந்தப் பாட்டுகள் எல்லாம் பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல இராகம் சர்வேசுரன் தந்த கொடையே. ஆனால் இராகமானது செவி வழியாய் அனுமதி கேளாமல் நுழைந்து, மனதில் குடியேறிவிடுகிறது. அது கூட்டிக்கொண்டு வருகிறவர் யார் என்று கேட்க வேண்டியது வீட்டுக்காரருடைய வேலை அல்லவா?

முன்காலத்தில் ஒரு பாட்டு ஊருக்குள் வர ஒரு திருவிழாவாவது, ஒரு கலியாணமாவது வேண்டும். இப்போதோ, 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்ட பின்னும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அதே வேலையைச் செய்கின்றன. நீங்கள் எந்தக் காணொளியில் சற்றே நின்று பார்த்தீர்களோ, அதைப் போன்றவற்றையே அந்த இயந்திரம் மறுபடி மறுபடி கொண்டுவந்து நிறுத்தும். அதற்கு உங்கள் பிள்ளையின் ஆத்துமத்தைப் பற்றிக் கவலையில்லை. பிள்ளை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தால் போதும்.

நிற்க. பிள்ளைகளின் வாய்வழியாய் ஒரு காரியம் வீடுவீடாகப் பரவுவதை நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஐந்நூறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகவே முன்பு கண்டிருக்கிறார்கள். அர்ச். பிராஞ்சிஸ்கு சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழில் ஆக்கச்செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஓதக் கற்றுக் கொடுத்தார். கற்ற பிள்ளைகள் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் அதைக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

ஆனால் அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் விசுவாசத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் இருந்தது. சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, சர்வேசுரன் எனக்கு வேணும் என்று ஜனங்கள் சொல்லிவந்தார்கள். பொருளைக் கேட்டறிந்த சவேரியார் என்ன செய்தார்? வெட்கப்பட்டு மறைக்கவில்லை. மான்சிலாஸ் என்னும் தம் உடன் ஊழியருக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை மாற்றி விசுவாசம் என்று சொல்லும்படி கற்பித்தார். அத்தனை பெரிய அர்ச்சியசிஷ்டவரே தாம் சொல்லிக்கொடுத்ததின் பொருளைத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டார் என்றால், நாம் எம்மாத்திரம்!

அர்ச். சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 14-ம் அதிகாரத்தில் இதே கருத்தைச் சொல்லுகிறார்: ஆவியால் மாத்திரம் பாடினால் போதாது, புத்தியாலும் பாடவேண்டும் என்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட சாசனத்தின்மூலம் நம் தாய்மொழிக்குப் பூசையில் இடம் கிடைத்ததும் ஜனங்கள் பொருள் உணர்ந்து பங்குகொள்ள வேண்டும் என்பதற்காகவே.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு தாந்தும் எர்கோவின் பொருளைச் சொன்னேன். அது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இயற்றிய கீதத்தின் கடைசிப் பகுதி என்றும், கண்ணுக்கும் நாவுக்கும் அப்பமாய்த் தோன்றுகிறதில் ஆண்டவரே இருக்கிறார் என்பதை விசுவாசத்தால் ஏற்றுப் பணிகிற பாட்டு என்றும் விளக்கினேன். அதன்பின் பிரெஞ்சுப் பாட்டின் பொருளையும் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளை சற்றுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "யாரோ அழற மாதிரி இருக்குதுன்னுதான் சாமி எனக்கு அது பிடிச்சுது. அம்மா ஷூ கம்பெனி வண்டிக்கு விடியக்காலம் போனா விளக்கு வெச்சப்புறம்தான் வருவாங்க. அதுவரைக்கும் வீட்ல நான் மட்டும்தான். அந்தப் பாட்டைப் போட்டா யாரோ கூட இருக்கற மாதிரி இருக்கும்" என்றாள். அவளுடைய சம்மதத்தையும் தாயின் சம்மதத்தையும் பெற்றே இதை எழுதுகிறேன்.

கேட்டீர்களா? பொருள் தெரியவில்லை என்று நான் அதட்டின பிள்ளை அந்தப் பாட்டின் பொருளை இருதயத்தால் அறிந்திருந்தாள். அறியாதவன் நான்தான். அவள் முகத்தின் பொருளை நான் வாசிக்கவில்லை.

பெற்றோரே, உங்களைக் குறைசொல்ல மாட்டேன். தோல் பதனிடும் இடத்திலும் தையல் இயந்திரத்தின் முன்னும் நாள் முழுதும் நின்றும் குனிந்தும் நீங்கள் உழைப்பது அந்தப் பிள்ளைகளுக்காகவே. ஆனாலும் உங்களிடம் இரண்டு காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, இரவு சாப்பாட்டுக்குப்பின் பத்து நிமிஷம், "இன்றைக்கு என்ன பாட்டுக் கேட்டாய்? எங்கே, எனக்கும் போடு" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏசுவதற்கு முன் முழுதும் கேளுங்கள். பொருளையும் அது ஏன் பிடித்தது என்பதையும் பிள்ளையிடமே கேளுங்கள். கெட்டதாயிருந்தால் அது அப்போது தானாகவே வெளிச்சத்துக்கு வரும். துக்கமாயிருந்தால் அதுவும் வரும். இரண்டாவது, குடும்ப ஜெபமாலையில் வாரம் ஒரு ஜெபத்தை நிறுத்தி, இதற்கு என்ன பொருள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னிடம் வாருங்கள். இனிமேல் உள்ளே ஓடமாட்டேன்.

நம் பங்கின் கடமையும் ஒன்றுண்டு. வருகிற திங்கட்கிழமை முதல், வேலை நாட்களில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை பங்கு மண்டபம் திறந்திருக்கும். தாய் தகப்பன் வேலையிலிருந்து திரும்பும் வரை பிள்ளைகள் அங்கே படிக்கலாம், பாடலாம், விளையாடலாம். முறைவைத்து உடனிருக்க நாலு தாய்மாரும், வீட்டில் ஓய்வாயிருக்கும் பெரியவர் இருவரும் தேவை. மனமுள்ளவர்கள் இந்த ஞாயிறே பெயர் கொடுக்கவும்.

தனியே அழுகிறவர்களின் குரலைக் கேட்கிற ஆண்டவர் நமக்கும் கேட்கும் செவியைத் தந்தருள்வாராக. தேவமாதா உங்கள் வீடுகளைக் காத்துக்கொள்வாளாக.

சேசுவில் உங்கள் ஊழியன்,
பங்குச் சுவாமியார், காட்பாடி