அம்புப் படுக்கைக்கு அருகில்

நம் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம் என்று முடித்துக்கொண்டு ஊர் கலைந்துவிடும். வில்லிபுத்தூரார் பாரதமும் பத்துப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வியாசர் சொன்னதைக் கேட்கிற வாய்ப்பு நமக்குக் குறைவு. ஆனால் பாரதத்திலேயே பெரியது அந்தச் சாந்தி பருவம்தான். அதை அடுத்து அநுசாசன பருவம். இரண்டுக்கும் களம் ஒன்றே. சாகக் கிடக்கிற ஒரு கிழவர், எதிரே சொந்தங்களை எல்லாம் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பேரன்.

வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிக்கும் தொண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் போரில் பீஷ்மர் சாய்ந்தார். உடம்பை அம்புகள் தாங்கின. தலைக்குத்தான் ஆதாரம் இல்லை, தொங்குகிறது. தலையணை வேண்டும் என்றார். அரசர்கள் ஓடினார்கள். மெத்தென்ற, விலை உயர்ந்த தலையணைகளாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். பெரியவர் வேண்டாம் என்றுவிட்டு அர்ச்சுனனைப் பார்த்தார். கண்ணீரோடு வந்த அர்ச்சுனன் கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. 'நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்' என்று கேட்டான். அதன் பிறகுதான் மூன்று அம்புகளை எய்து அந்தத் தலையைத் தாங்கினான்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் எல்லோரும் அந்த அரசர்கள்தான். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, விபூதிப் பொட்டலம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு போகிறோம். போகட்டும், அதில் தப்பில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டோமா? ஃபேன் காற்று முகத்தில் அடிப்பதாக இருக்கலாம். பேத்தியைப் பார்க்க வேண்டும் என்றிருக்கலாம். வந்தவர்கள் கொஞ்சம் வெளியே போனால் தேவலை என்றும் இருக்கலாம்.

அடுத்த காட்சியை நான் எத்தனை இடத்தில் சொன்னாலும் அவையில் ஒரு சலசலப்பு வரும். துரியோதனன் வைத்தியர்களை அழைத்து வருகிறான். அம்பு பிடுங்குவதில் கைதேர்ந்தவர்கள், கருவிகளோடு வந்து நிற்கிறார்கள். பீஷ்மர் என்ன சொன்னார்? இவர்களுக்கு உரிய பொருளைக் கொடுத்து, மரியாதை செய்து அனுப்பிவிடு என்றார். வைத்தியத்தை அவர் பழிக்கவில்லை. அதன் வேளை முடிந்தது என்று தெரிந்து சொன்னார். இன்று ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு, வென்டிலேட்டர் போடலாமா வேண்டாமா என்று அண்ணன் தம்பிகள் சண்டை போடுகிறார்களே, உள்ளே இருக்கிறவருடைய எண்ணம் என்ன என்று யாருக்காவது தெரியுமா? நினைவு தப்பிப்போனால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அது செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுத்தால் 'அபசகுனமாப் பேசாதே' என்பார்கள். பீஷ்மருடைய வாயை அப்படி யாரும் அடைக்கவில்லை.

இப்போது முக்கியமான இடம். போர் முடிந்தது. தருமபுத்திரருக்கு உபதேசம் செய்யுங்கள் என்று கண்ணன் பீஷ்மரிடம் கேட்கிறார். பிதாமகர் சொல்கிற பதில் எந்த நோயாளியும் சொல்கிற பதில்தான்: உடம்பெல்லாம் வலி, புத்தி தடுமாறுகிறது, பேசத் தெம்பில்லை. கீதை சொன்ன வாய் அல்லவா கண்ணனுடையது? 'நீர் உடல் அல்ல, ஆன்மா' என்று ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்கவில்லை. வலியும் எரிச்சலும் மயக்கமும் பசி தாகமும் இனி உம்மை வருத்தா என்று வரம் கொடுத்தார். அன்று உபதேசமே கிடையாது. மாலையாகிவிட்டது, எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் வந்து கண்ணன் கேட்ட கேள்வி, ராத்திரி நல்லபடியாகக் கழிந்ததா என்பது. ஒரு நல்ல நர்ஸம்மா கேட்பது போலவே இல்லையா? வலி நின்ற பிறகுதான் தருமம் பேச்சுக்கு வந்தது.

முதலில் வலியை நிறுத்து என்கிற இந்தப் பாடம் நம் காலத்துக்கும் பொருந்தும். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற பெயரில் இறப்போர் இல்லம் ஒன்றைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்குப் பிறகு படித்து டாக்டர் ஆனவர். வலி வந்து துடித்த பின் மருந்து கொடுக்காதீர்கள், வலி திரும்புவதற்கு முன்பே, வேளை தவறாமல் கொடுங்கள் என்பது அவர் வற்புறுத்திய முறை. வாய்வழி மார்ஃபின் என்றால் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். உடம்பு வலியோடு மன வலி, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்கிற ஆன்ம வேதனை நான்கும் பின்னிக் கிடக்கும் என்பதையும் அவர்தான் மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டினார். அபின் விளைகிற நம் நாட்டில், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே வழி கொஞ்சம் திறந்தது. இதற்கிடையில் கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சி, ஊர்மக்களையே தொண்டர்களாக்கிக் கேரளம் முழுக்கப் பரவியது. இங்கேயும் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வருகிறார்கள்; படுத்திருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சேவையும் அதில் உண்டு. கேட்டு வாங்குங்கள். வலியைத் தாங்குவதுதான் கர்மாவைக் கழிக்கிற வழி என்று யாராவது சொன்னால், கண்ணன் ஏன் அந்த வரத்தைக் கொடுத்தார் என்று திருப்பிக் கேளுங்கள்.

கடைசி நாட்களில் சாப்பாடு தானாகக் குறையும். உடம்பு மூடிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். நாம் பட்டினி போட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. விழுங்க முடியாதவர் வாயில் பாலை ஊற்றினால் புரையேறி மூச்சுக்குழலில் போய்விடும். உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், படுக்கைப்புண் வருவது குறையும். காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொத்துக் கணக்குப் பேசாதீர்கள், விழலாம். திருவண்ணாமலையில் 1922 மே 19 அன்று, தாயார் அழகம்மையின் பக்கத்தில் ரமணர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். ஒரு கை மார்பில், ஒரு கை தலையில். ராத்திரி தாயாரின் உயிர் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை. பெரிய ஞானி செய்ததும் இதுதான், நாமும் செய்யக்கூடியது இதுதான்.

சரி, தருமரிடம் வருவோம். அவர் நிலைமை படுத்திருப்பவருடையதைவிட மோசம். பிதாமகர் பக்கத்தில் வரவே அவருக்குக் கூச்சம், பயம். கண்ணன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன்? இவர் இப்படிக் கிடப்பதற்கு நான்தானே காரணம் என்கிற குற்ற உணர்ச்சி. துக்க வீட்டில் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள்: 'அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா...' அதற்கு உடனே 'விதி', 'கொடுத்து வைத்தது அவ்வளவுதான்' என்று பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். தருமருக்கு அப்படிப் பதில் சொன்னவர்கள் ஏராளம். தம்பிகள் நால்வரும் சொன்னார்கள். திரௌபதி கடிந்துகொண்டாள். வியாசரே சொன்னார். எதுவும் ஏறவில்லை. பீஷ்மர் மட்டும் வேறு விதமாக ஆரம்பித்தார். காலைத் தொட்ட பேரனை உச்சி முகர்ந்தார், உட்காரச் சொன்னார், பயப்படாமல் கேள் என்றார். கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தன, சொல்லிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டு இரவு அம்பின் மேல் கிடந்து, உத்தராயணம் பிறந்த பிறகு உயிரை விட்டார்.

இத்தனை பெரிய உபதேசம் கேட்டவர் தெளிந்திருக்க வேண்டும் அல்லவா? வியாசர் அப்படிப் பொய் சொல்லவில்லை. தர்ப்பணம் முடித்துக் கங்கைக் கரை ஏறிய தருமர், அங்கேயே விழுந்துவிட்டார். அசுவமேத பருவம் தொடங்குவதே இங்கேதான். கேட்ட சாந்தி பருவம் வீண் என்று இதற்கு அர்த்தமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கம் ஒரே தடவையில் தீராது என்று முனிவருக்குத் தெரிந்திருந்தது.

'எழுந்திரு' என்று அப்போது முதலில் சொன்னவர் யார் தெரியுமா? திருதராஷ்டிரர். நூறு பிள்ளைகளையும் இழந்தவர். அழ வேண்டியவர்கள் நானும் காந்தாரியும் அல்லவா என்கிறார்.

அதனால், துட்டிக்குப் போய்விட்டு வந்ததோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அன்று வீடு நிறையக் கூட்டம் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் ஊருக்குக் கிளம்பி, வாசல் பந்தலையும் பிரித்த பிறகு போங்கள். முதல் பொங்கலுக்கு, முதல் தீபாவளிக்குப் போங்கள். பண்டிகை இல்லாத வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். போனவருடைய பெயரைச் சொல்லியே பேசுங்கள். அழுதால் அழட்டும். மனைவியை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று இந்த அவையிலேயே சிலர் இருக்கிறீர்கள். முன் வரிசைத் தொண்டர்கள் அடுத்த முறை கிளம்பும்போது உங்களில் யாராவது ஒருவர் கூட வர முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன்.