நாவும் ஓர் அமானிதம்

ஊரார் போற்றும் ஒன்று நம் உள்ளத்தைத் தொடாவிட்டால் நாவு என்ன சொல்லுதல் வேண்டும்?

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டை உலகமே கொண்டாடிற்று. இசை ஆகுமா, ஆகாதா என்னும் வாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். நான் சொல்ல வருவது வேறு. நண்பர் இல்லத்தில் அதன் 13 பாடல்களையும் கேட்டேன். ஒரு பாடலில் சித்தார். இறுதிப் பாடலில் 40 வாத்தியக்காரர்கள். வேலைப்பாட்டைக் கண்டேன், உள்ளம் உருகக் காணேன். "எப்படி?" என்றார் நண்பர். "அற்புதம்!" என்றேன். அந்தச் சொல் நெடுநாள் என்னை உறுத்திற்று.

அத்தட்டு வெளிவந்தபோதே, நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் அதனைக் குறைகூறி எழுதினார் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 'ரோலிங் ஸ்டோன்' இதழோ 2003-இல் அதற்கு முதலிடம் தந்து, 2020-இல் 24-ஆம் இடத்திற்கு இறக்கிற்று. ஊராரின் தராசும் அசைகின்றது!

அதனால் கோல்ட்ஸ்டீன் தீர்ப்பே சரியென்று நான் வாதிக்கவில்லை. குறை என் செவியிலேயே இருக்கலாம். ஆனால், ரசனைக் குறைவு குற்றமன்று. அறிந்தே பொய் பகர்வது குற்றம். நமக்கே பாதகமாயினும் உண்மைக்குச் சாட்சி நிற்குமாறு திருமறையின் அன்னிஸா அத்தியாயம், 135-ஆம் வசனம் பணிக்கின்றது. பெரிய வழக்குகளுக்கு மட்டுமா அக்கட்டளை? சிறியவற்றில் பழகாத நாவு பெரியவற்றில் எங்ஙனம் நிமிரும்?

பின்னொரு நாள் நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கும் இரண்டு பாட்டுத்தான் பிடிக்கும்" என்றார்.

இருவரும் ஊருக்கு அஞ்சி ஒருவரையொருவர் ஏமாற்றியிருந்தோம்!