ஊன்றிய கால்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சாயங்காலம் பந்து விளையாடும் பையன்களுக்குக் கோல் போஸ்ட் என்பது இரண்டு ஜோடி செருப்பு. பெனால்டி என்று முடிவானதும் கீப்பராக நிற்கும் பையன் உள்ளங்கைகளை மணலில் தேய்த்துக்கொள்வான், முட்டியை மடக்கிக் குனிவான், எதிராளி ஓடிவரத் தொடங்கியதுமே ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடுவான். பந்து அவன் நின்ற இடத்தின் வழியாகவே நேராகப் போகும். யாரும் திட்ட மாட்டார்கள். பாய்ந்து பார்த்தான், கிடைக்கவில்லை. அதே பையன் நகராமல் நின்று, பந்து ஓரமாகப் போயிருந்தால் கதையே வேறு. “என்னடா, மரம் மாதிரி நிக்கிற?” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

விழுந்தவனும் கோல் வாங்கினான், நின்றவனும் வாங்கினான். பழி மட்டும் ஏன் நின்றவனுக்கு?

இந்தக் கேள்வியை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலர் 2007-ல் எண்களோடு எடுத்துக்கொண்டார்கள். பெரிய போட்டிகளில் அடிக்கப்பட்ட 286 பெனால்டிகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 29 சதவீதப் பந்துகள் நடுவில் வந்திருந்தன. கீப்பர்கள் நடுவிலேயே நின்றதோ 6.3 சதவீதம்தான். நின்ற சில முறைகளில் மூன்றில் ஒரு பந்தைத் தடுத்திருக்கிறார்கள். பாய்ந்தபோது ஏழில் ஒன்று கூடத் தேறவில்லை. கீப்பர்களையே கேட்டபோது, சும்மா நின்று கோல் வாங்கினால் மனசு அதிகம் வலிக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். பந்தைத் தடுப்பதைப் போலவே, ஏதோ செய்தோம் என்று ஊருக்கும் தனக்கும் காட்டுவதும் அந்த அரை நொடியில் கலந்துவிடுகிறது. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, மேற்கு ஜெர்மனியின் செப் மையர் ஒரு பக்கம் பாய்வார் என்று கணித்து, பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டார். கீப்பரால் சும்மா நிற்க முடியாது என்ற நம்பிக்கையில் அடிக்கப்பட்ட பந்து அது.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு செயலா? கால்பந்து பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் மண்ணில் இது தீவிரமாக யோசிக்கப்பட்ட கேள்வி. கி.பி. 458-ல் சர்வநந்தி என்ற சமணத் துறவி ‘லோகவிபாகம்’ என்ற நூலை எழுதி முடித்த பாடலி என்ற ஊரை ஆய்வாளர்கள் இந்த ஊராகவே கொள்கிறார்கள். வினை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உடலை மறந்து அசையாமல் நிற்பதைச் சமணம் ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தது. காயோத்சர்க்கம் என்று அதற்குப் பெயர். தீர்த்தங்கரர்களை அமர்ந்த நிலையில் வடித்தார்கள், அல்லது கைகளைத் தொங்கவிட்டு நின்ற நிலையில் வடித்தார்கள். அந்த நிற்றலைச் சோம்பல் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

இதே ஊரின் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு ஆசிரியராக இருந்தவர்தான் பின்னாளில் அப்பர். சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ அரசன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதாகவும், கல்லே தெப்பமாகி அவர் இங்கே கரையேறியதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் கடலூரில் இன்றும் இருக்கிறது. கதையை நம்புகிறவர், நம்பாதவர் இருவருமே ஒன்றைக் கவனிக்கலாம். உழவாரப் படையைத் தோளில் சுமந்து, கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய கைகள் அப்பருடையவை. தமிழ்ப் பக்தி மரபில் அவரளவுக்கு உடலுழைப்போடு சேர்த்து நினைக்கப்படுபவர் யாரும் இல்லை. அந்தக் கைகள் கட்டப்பட்ட நேரத்தில் அவர் திமிறவில்லை; பாடினார். வேலை செய்யத் தெரிந்தவருக்குத்தான் வேலை இல்லாத நொடியும் வசப்படும் என்று இந்தக் கதையைப் படிக்கத் தோன்றுகிறது.

இந்தியக் கால்பந்தில் அந்த நொடியோடு வாழ்ந்தவர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோலுக்குக் காவல் நிற்க வந்தார். ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடினார். 1955-லும் 1958-லும் அந்த அணி டியூராண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக நின்றார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

இத்தனை இருந்தும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் நெடுநேரம் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லை. முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம் வந்தபோது பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் தங்கராஜை இறக்கினார். அப்போது ரஹீமின் உடலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. பி.கே. பானர்ஜியும் ஜர்னெய்ல் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடிக்க, கொரியாவால் கடைசி நிமிடங்களில் ஒரே ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா கடைசியாக வென்ற தங்கம் அது. அந்தத் தங்கத்தில், இறுதி நாளில் வெளியே உட்கார்ந்த பர்மனுக்கும் பங்கு உண்டு. அவர் காத்துக் கொடுத்த இடத்தில்தான் தங்கராஜ் வந்து நின்றார்.

ஆடி முடித்த பிறகு தங்கராஜ் பயிற்சியாளரானார். கோவாவின் வாஸ்கோ கிளப்பில் இருந்தார், பின்னர் போகாரோ உருக்காலை நகரில் சிறுவர்களை வளர்த்தார், அங்கேயே 2008-ல் காலமானார். கீப்பராக இருந்தவன் பயிற்சியாளராவதில் ஒரு விசேஷ வேதனை இருக்கிறது. கீப்பருக்காவது கடைசியில் பாய ஒரு பந்து வரும். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டாது.

இதை நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் ஹூக் அளவுக்கு அனுபவித்தவர்கள் குறைவு. வோலெண்டாம் கிளப்பில் கோல் கீப்பராக இருந்து, அயாக்ஸ், பார்சிலோனா, பயர்ன் மியூனிக் என்று பெரிய அணிகளில் கீப்பர்களுக்கென்றே பயிற்சியாளராக இருந்தவர். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து அணியோடு இருந்தார். காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக 120 நிமிடமும் கோல் விழவில்லை. பெனால்டிக்குச் சற்று முன் கீப்பர் சிலெசனை வெளியே எடுத்து, மாற்றுக் கீப்பர் டிம் க்ருலை இறக்கினார்கள். க்ருலிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். சிலெசனுக்கு ஒன்றும் தெரியாது. கோபத்தில் பாட்டிலை உதைத்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். க்ருல் ஐந்து முறையும் சரியான பக்கம் பாய்ந்து இரண்டைத் தடுத்தார். நெதர்லாந்து வென்றது. உலகமே பயிற்சியாளர்களின் மூளையைப் புகழ்ந்தது.

நான்கே நாளில் அரையிறுதி. மறுபடி பெனால்டி, எதிரே அர்ஜென்டினா. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வாய்ப்பு தீர்ந்துபோயிருந்ததால் சிலெசனே நின்றார். ஒன்றைக் கூடத் தடுக்கவில்லை. நெதர்லாந்து வெளியேறியது. அதே ஹூக், அதே தயாரிப்பு. பலன் அவர் கையில் இல்லை. கீதை சொல்லும் பற்றற்ற செயலை உபன்யாசமாக ஆயிரம் முறை கேட்டவர்களுக்கும், அந்த நான்கு நாள் இடைவெளி அதைக் கண்ணெதிரே வைத்துக் காட்டும்.

‘சும்மா இரு’ என்பது கையாலாகாதவர்களின் சமாதானம் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. எல்லாக் கீப்பர்களும் நடுவிலேயே நிற்கத் தொடங்கினால், எதிராளிகள் எல்லாரும் ஓரமாக அடிப்பார்கள். நிற்றலைச் சூத்திரமாக்க முடியாது. அருணகிரிநாதருக்கு முருகன் சும்மா இருக்க உபதேசித்ததாக மரபு சொல்கிறது. அதற்குப் பிறகு அவர் திருப்புகழ் பாடாமல் இருந்துவிடவில்லை. சைவம் கண்டிப்பது அசைவை இல்லை. ‘நான் செய்கிறேன்’ என்று காட்டிக்கொள்ளும் ஆணவத்தையே அது கண்டிக்கிறது. பந்து எங்கே வருகிறது என்று பார்க்காமல், பழிக்குப் பயந்து பாய்கிற பாய்ச்சலில் அந்த ஆணவம்தான் உடலெடுத்து விழுகிறது.

புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் புலியூர்கள் சில இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. ஒன்று பாதிரிப்புலியூர், இன்னொன்று பெரும்பற்றப்புலியூர் எனப்படும் சிதம்பரம். சிதம்பரத்தில் ஆடுகிற நடராஜரை நாம் ஆட்டத்துக்காகவே பார்க்கிறோம். உடுக்கையில் படைத்தல், அபயக் கையில் காத்தல், நெருப்பில் அழித்தல், தூக்கிய திருவடியில் அருளல். நாலாயிற்று. ஐந்தாவதான மறைத்தல், ஊன்றிய காலில் இருக்கிறது. சைவ சித்தாந்தம் அசையாத அந்தக் காலையும் செயல் என்றே எண்ணுகிறது. அதன் கீழே கிடக்கும் முயலகனை ஆணவம் என்று பொருள் சொல்வார்கள். ஆட்டம் முழுவதையும் தாங்குவது அந்தக் கால்.

2019-ல் கால்பந்து விதியைத் திருத்தினார்கள். பெனால்டி உதைக்கப்படும் நொடியில் கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு நேராகவோ இருந்தாக வேண்டும் என்று அப்போது ஆயிற்று. இன்னொரு கால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விதி எழுதியவர்கள் சிதம்பரத்தை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கடலூர்க்காரர் ஒருவர் அந்த நொடியை டிவியில் நிறுத்திப் பார்த்தால், ஒரு கால் ஊன்றி ஒரு கால் எழும்பிய அந்த உருவம் அவருக்குப் பழகியதாகவே இருக்கும்.

தேசிய அணிக்கு இந்துமதி கதிரேசனைத் தந்த ஊர் கடலூர். இங்கே பந்து விளையாடப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும், அவர்களைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெனால்டியில் உங்கள் பிள்ளை கடைசிவரை பந்தைப் பார்த்தபடி நகராமல் நின்று, கோல் விழுந்தால் கத்தாதீர்கள். பந்து எங்கே வருவதாகத் தெரிந்தது என்று மட்டும் பக்கத்தில் போய்க் கேளுங்கள்.