புதியவனும் சிகரமும்: துணிவு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

1935ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எறிக் சிப்ரன் தலைமையிற் சென்ற சிறிய பிரித்தானியக் குழுவொன்று, எவரெஸ்ற் மலையின் வடகணவாய்க்குக் கீழே, பனியிற் கிடந்த ஓர் உடலைக் கண்டது. காற்றாற் கிழிபட்ட கூடாரத்தின் எச்சங்கள் சுற்றிலுங் கிடந்தன. தோட்பையில் நாட்குறிப்பொன்று இருந்தது. இறந்தவர் மொறிஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர். குழுவினர் அவ்வுடலைப் பனிப்பிளவொன்றில் அடக்கஞ் செய்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தனர். அக்குழுவிற் சுமை தூக்கச் சேர்ந்தவர்களுள், எவரெஸ்றுக்கு முதன்முறையாக வந்திருந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். 1953 மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலறியுடன் அம்மலையின் உச்சியில் நின்ற ரென்சிங் நோர்கே அவரே.

ஒரே சரிவுக்கு ஓராண்டு இடைவெளியில் வந்த இவ்விருவரும் அம்மலைக்குப் புதியவர்கள். எனவே, புதியவன் உயர்ந்த மலையை நாடலாகாது என்று பொதுவில் விதிப்பது பொருளற்றது. இன்றைய வல்லுநர் யாவரும் ஒரு காலத்திற் புதியவராயிருந்தோரே. ஆராயத்தக்க வினா வேறு. ஒருவனுடைய அறியாமைக்குரிய விலையைக் கொடுப்பவர் யார்? அவ்விலையைக் கொடுக்க அவர் உடன்பட்டாரா? வில்சனின் வரலாறு இவ்வினாக்களை எழுப்புதற்கு மிகப் பொருத்தமானது.

1898இல் பிறட்போட் நகரிற் பிறந்த வில்சன், முதலாம் உலகப் போரில் இராணுவச் சிலுவை விருது பெற்றவர். அப்போரிலேயே இயந்திரத் துப்பாக்கிச் சூட்டாற் காயமடைந்தவர். பிற்காலத்தில் நோயுற்றபோது நோன்பும் வழிபாடுமே தம்மைக் குணமாக்கின என்று நம்பினார். அந்நம்பிக்கையின் வலிமையை உலகுக்கு நிறுவ அவர் தேர்ந்த வழி எவரெஸ்றில் தனியே ஏறுதல். அவருக்கு மலையேற்றந் தெரியாது. விமானம் ஓட்டவுந் தெரியாது. விமானத்தைக் கொண்டுசென்று மலைச்சரிவில் இறக்கிவிட்டு எஞ்சிய தூரத்தை நடந்து கடக்கலாமென எண்ணிய அவர், பழைய விமானமொன்றை வாங்கி, சில மாதங்களில் அதனை ஓட்டப் பழகினார். மலைப்பயிற்சியாக வேல்சிலும் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுமுள்ள குன்றுகளிற் சில வாரம் நடந்தார். பனிக்கட்டியில் ஏறும் முறையை எவரிடமுங் கற்றாரல்லர். 1933 மே மாதம் புறப்பட்டு, அதிகாரிகளின் தடைகளையும் மீறி இந்தியாவரை பறந்து சென்றமை, எவ்வாறு நோக்கினும் வியக்கத்தக்க செயலே. அங்கு நேபாளத்தின் மேலாகப் பறக்க அனுமதி கிடைக்கவில்லை.

டார்ஜிலிங்கில் மாரிகாலத்தைக் கழித்த வில்சன், 1934 மார்ச் மாதம் பௌத்த துறவி வேடம் பூண்டு, ஷேர்ப்பாக்கள் மூவருடன் அனுமதியின்றித் திபெத்தினுட் புகுந்தார். றொங்புக் மடாலயத்திலிருந்து முதலில் தனியாகவே சென்று, பனியாற்றில் வழிதவறி, ஒன்பது நாளின்பின் நலிந்து மீண்டார். முந்திய குழுவினரின் முகாமொன்றில் அவர் கண்டெடுத்த, பனிக்கட்டியில் ஏறுவோர் காலணியில் மாட்டும் இரும்பு முட்களை, அவற்றின் பயன் அறியாமையால் எறிந்துவிட்டார் என்று கூறப்படுகிறது. இது உண்மையாயின், அவர் வரலாற்றிலே இதனினும் துயரமான செய்தி வேறில்லை. தாம் நம்பியிருந்த தெய்வம் அனுப்பிய உதவியாகவே அவர் அதனைக் கொண்டிருக்கலாம். ஆயின், இன்னதென அறியாதவன் கையில் உதவியும் உதவியாவதில்லை.

இத்தகைய மனிதனைத் துணிவுடையோன் எனலாமா? அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலிலே, துணிவு போலத் தோன்றித் துணிவாகாத நிலைகள் சிலவற்றை எடுத்துக்காட்டுகிறார். ஆபத்தை அறியாமையால் அஞ்சாதிருத்தல் அவற்றுள் ஒன்று. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும் நுனிக்கொம்புவரை ஏறி அதற்கு அப்பாலும் ஊக்குபவனைக் காட்டுகிறார். எனினும் அவ்வுவமைக்கும் பனிமலைக்கும் இடையில் வேறுபாடொன்று உண்டு. மரமேறியவனுக்குத் தான் நிற்பது நுனிக்கொம்பு என்பது தெரியும். கிளை வளைவதை அவன் கால்களே உணரும். பனிமலையிலோ நுனிக்கொம்பும் அடிமரமும் ஒரே வெண்மையாய்க் காட்சி தருகின்றன. பனிப்பிளவின்மேல் நேற்று விழுந்த மெல்லிய பனி, கெட்டித் தரைபோலவே விளங்கும். இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்கின், வில்சனை மூடர் என்று எளிதில் இகழ்வதும் நேர்மையன்று. அவரை வீரர் என்று போற்றுவதும் பொருந்தாது.

ஒருவன் தன் உயிரைத் தான் விரும்பியவாறு பணயம் வைக்கலாம் என்பது தாராளவாதிகளின் வாதம். ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், உறுதியற்ற பாலத்தைக் கடக்க முற்படும் ஒருவனை உதாரணமாகக் கொள்கிறார். எச்சரிக்க நேரமில்லையாயின் அவனைப் பிடித்து நிறுத்தலாம். ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று. ஆனால், ஆபத்து நிச்சயமன்றி நிகழக்கூடியதாக மட்டும் இருப்பின், அவனுக்கு அதனை அறிவித்தபின் முடிவை அவனிடமே விட்டுவிடல் வேண்டும். பாலத்தைப் பொறுத்தவரை இது போதிய விடையே. உயர்ந்த சிகரத்தைப் பொறுத்தவரை இரு காரணங்களால் இது போதாது.

முதலாவது, மலை தன்னை மதிப்பிடும் அறிவையே முதலிற் பறிக்கிறது. எவரெஸ்றின் உச்சியிற் காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்களவே. ஒட்சிசன் குறையுந்தோறும் கை கால்களுடன் சிந்தனையும் தளர்கிறது. தளர்ந்த சிந்தனை தன் தளர்ச்சியை உணர்வதுமில்லை. அடிவாரத்தில் உடன்பட்ட மனிதனும் 8,000 மீற்றருக்கு மேல் முடிவெடுக்கும் மனிதனும் ஒருவரேயல்லர் எனலாம். பழகியவன் இதனை எதிர்பார்த்து, இன்ன நேரத்துக்குள் திரும்புவேன் எனக் கீழேயே தன்னைக் கட்டிக்கொள்கிறான். புதியவனுக்கு அக்கட்டின் தேவை தெரியாது. இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. மில்லின் பாலத்தைக் கடப்பவன் தனியன். சிகரத்தை நாடும் புதியவனோ பெரும்பாலும் தனியன் அல்லன். அவன் சுமையை வேறொருவர் சுமக்கிறார், அவன் விழுந்தால் வேறொருவர் தேடிச் செல்கிறார்.

வில்சனின் இறுதி நாட்கள் இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றன. 1934 மே மாதம், ரெவாங், றின்சிங் என்னும் ஷேர்ப்பாக்கள் இருவர் அவருடன் மூன்றாம் முகாம்வரை வந்திருந்தனர். வடகணவாய்க்கு ஏற முயன்ற வில்சனைச் செங்குத்தான பனிச்சுவரொன்று தடுத்தது. திரும்பிவிடுமாறு அவ்விருவரும் அவரை மன்றாடினர். அவர் இணங்கவில்லை, தம்முடன் மேலே வருமாறு அவர்களை அழைத்தார். அவர்கள் மறுத்தனர். மே 29ஆம் நாள் வில்சன் தனியே புறப்பட்டார். 31ஆம் நாளின் பின் அவரது நாட்குறிப்பில் எதுவும் இல்லை. அனுபவமுள்ள அவ்விருவருங் கூறிய "முடியாது" என்ற சொல்லே, அவரது அறியாமை இன்னும் இரண்டு உயிர்களைக் கொள்ளாதவாறு தடுத்தது. வில்சனின் மரணம் அவருக்கே உரிய மரணமாக அமைந்தமைக்கு அவரைவிட அவர்களே காரணர்.

அம்மறுப்பு எல்லாக் காலத்தும் எளிதாயிருக்கவில்லை. 1922 ஜூன் 7ஆம் நாள், மலையேற்றத் தலைவர்களின் தீர்மானப்படி வடகணவாயை நோக்கி ஏறுகையில், சுமைதூக்குவோர் ஏழு பேர் பனிச்சரிவில் மாண்டனர். 1985இல் டிக் பாஸ் என்னும் 55 வயது அமெரிக்க வணிகர், தேர்ந்த வழிகாட்டியொருவருடன் உச்சியை அடைந்ததன்பின், வசதியுடையோரைப் பணம் பெற்று அழைத்துச் செல்லும் தொழில் வளர்ந்தது. நேபாளப் பக்கத்தில் வசந்தகாலத்தில் ஏறுவதற்கான அரசாங்க அனுமதிக் கட்டணம் மட்டும், 2025 செப்ரெம்பர் தொடக்கம் ஒருவருக்கு 15,000 டொலர். இத்தொகையுடன் வழிகாட்டிகளுக்கும் ஒட்சிசனுக்கும் உணவுக்கும் செலவிட்ட ஒருவரிடம், அவரது வருகையால் ஆண்டு முழுவதற்குமான வருவாயைப் பெறும் ஒருவர் "முடியாது" என்று சொல்வது எங்ஙனம்? சொல்வோர் இல்லாமலில்லை. ஆனால் சொல்வதன் இழப்பு சொல்பவரையே சாரும்.

2014 ஏப்பிரல் 18ஆம் நாள், கும்பு பனியருவியிற் பனிக்கட்டி சரிந்து நேபாளத் தொழிலாளர் 16 பேர் இறந்தனர். பணங் கொடுத்து வருவோர் அப்பனியருவியைச் சில தடவைகளே கடக்க, அவர்களுக்காக உணவும் கயிறும் கொண்டுசெல்வோர் பன்முறை கடத்தல் வேண்டும். இறந்தோர் குடும்பமொன்றுக்கு அரசாங்கம் முதலில் அறிவித்த உடனடி உதவி 40,000 நேபாள ரூபாய். ஏறத்தாழ 400 டொலர். அவ்வாண்டு ஷேர்ப்பாக்கள் மேலும் ஏற மறுத்தனர். தென்புறத்துக் குழுக்கள் பெரும்பாலும் கலைந்தன. பெரும்பணஞ் செலவிட்டு வந்தோர் சிலர் மனங்கசந்தனர் என்பது மெய். ஆயினும் 1934இல் இருவர் தனித்தனியாய்ச் சொன்னதையே இங்கு பலர் ஒருங்கே சொன்னார்கள். தனியொருவர் மறுக்க இயலாத விடத்து, கூட்டாக மறுத்தலே அறத்துக்கு எஞ்சியிருந்த வழி.

புதியவனிடத்தே எதிர்பார்க்கத்தக்கது அறிவு அன்று. அறிந்தவர் மறுக்குமிடத்து அதனைக் கேட்கும் இயல்பாகும். கேட்ட ஒருவரின் வரலாறும் உண்டு. 1947இல், கனடாவிற் பிறந்த ஏர்ல் டென்மன் என்பவர், போதிய பணமோ அனுமதியோ இன்றி எவரெஸ்ற் ஏற விரும்பி டார்ஜிலிங் வந்தார். ஆபிரிக்க மலைகளில் ஏறியிருந்த அவருக்கு இமயம் புதிது. வேறெவரும் இசையாத அப்பயணத்துக்கு, அறிவுக்கு ஒவ்வாதது எனத் தெரிந்தும், ரென்சிங் உடன்பட்டார். இருவரும் இன்னொரு ஷேர்ப்பாவும் திபெத்தைக் கடந்து வடகணவாய்ச் சரிவுவரை சென்றனர். குளிரும் புயலும் மிகுந்தபோது, மேலே செல்லல் ஆகாது என்பதை டென்மன் ஏற்றுக்கொண்டார். மூவரும் உயிருடன் டார்ஜிலிங் மீண்டனர். மறு ஆண்டு மீண்டும் வந்தபோது, அனுமதியில்லாப் பயணத்துக்கு ரென்சிங் இணங்கவில்லை. டென்மன் தம் உடைமைகள் சிலவற்றை அவருக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினார். 1953இல், ஏழாவது தடவையாக எவரெஸ்றுக்குச் சென்று உச்சியை அடைந்தபோது, ரென்சிங்கின் தலையில் இருந்தது டென்மன் விட்டுச்சென்ற கம்பளித் தொப்பி.