இரவல் முகம்

கதைமாந்தருக்கு நிஜ மனிதர் ஒருவரின் தோற்றத்தை இரவல் வாங்குவது எழுத்தாளர், ஓவியர், நடிகர், வாசகர் என எல்லோரிடமும் உள்ள பழக்கம். எழுத்தாளருக்கு அது நினைவுக்குத் துணை. முதல் அத்தியாயத்தில் ஒடிசலாக வந்தவர் பத்தாவது அத்தியாயத்தில் தொந்தியோடு நிற்கக் கூடாது என்றால், தெரிந்த முகம் ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். வாரம் ஓர் அத்தியாயம் எழுதிய தொடர்கதைக்காரர்களுக்கு இது பெரிய ஒத்தாசை.

ஆனால் எழுதியவர் நினைத்த முகமே நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஜேம்ஸ் பாண்ட் பார்ப்பதற்கு ஹோகி கார்மைக்கேல் என்ற அமெரிக்கப் பாடகரைப் போல இருக்கிறான் என்று 1953இல் வந்த முதல் நாவலிலேயே இயான் பிளெமிங் ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லிவைத்தார். பாண்ட் என்றதும் இன்று ஷான் கானரிதான் நினைவுக்கு வருகிறார். பாடகரை யாரும் தேடுவதில்லை.

தமிழிலும் இதே கதைதான். ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது, கொத்தமங்கலம் சுப்புவின் பாத்திரங்களுக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் கோபுலு. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கிய பிறகு சிக்கல் சண்முகசுந்தரம் என்றால் சிவாஜி, மோகனா என்றால் பத்மினி, வைத்தி என்றால் நாகேஷ். நாவலை இன்று முதன்முதலாகப் பிரிப்பவருக்கும் வைத்தி பேசும் இடத்தில் நாகேஷின் குரல்தான் கேட்கும்.

எல்லாப் பாத்திரமும் இப்படிப் பிடி கொடுப்பதில்லை. சுஜாதாவின் வக்கீல் கணேஷ் 1977இல் ‘காயத்ரி’ படத்தில் ஜெய்சங்கராக வந்தார். மறு ஆண்டே ‘பிரியா’வில் ரஜினிகாந்தாக வந்தார். இரு முகமும் கணேஷின் மேல் நிரந்தரமாக ஒட்டவில்லை. கணேஷ் இருப்பது மூக்கிலும் முழியிலும் அல்ல, பேச்சில். பேச்சால் நிற்கும் பாத்திரத்துக்கு எந்த முகத்தைப் பொருத்தினாலும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்தப் பழக்கம் கதையைத் தாண்டி வரலாற்றுக்குள்ளும் புகுந்திருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனும் நெற்கட்டும்செவல் பூலித்தேவனும் புகைப்படம் வருவதற்கு முந்திய பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1959இல் வந்த படத்துக்குப் பின் அவருக்குச் சிவாஜியின் முகம் வந்து சேர்ந்தது. அதே கயத்தாற்றில் நிலம் வாங்கி 1970இல் அவருக்குச் சிலை எழுப்பியவரும் சிவாஜியே. பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக் கத்தியோடு மேடை ஏறும் சிறுவன் உருட்டும் விழி சிவாஜியுடையது. முழங்கும் வசனம் அந்தப் படத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது.

பூலித்தேவனுக்கு அப்படி ஒரு நடிகர் வாய்க்கவில்லை. அவர் சங்கரன்கோவில் சங்கரநாராயணசுவாமி கோயிலுக்குள் போய் மறைந்தார் என்பது ஊர் நம்பிக்கை. கோயிலில் அவர் பெயரால் ஓர் அறையும் உண்டு. சிலைகளும் படங்களும் இருந்தாலும், கதை கேட்பவர் தம் தாத்தாவின் மீசையையோ தெருவில் பார்த்த ஒருவரின் நடையையோ அவருக்குத் தர இன்னும் இடம் இருக்கிறது. கட்டபொம்மனுக்குப் புகழ் கூடியது. பூலித்தேவனுக்குக் கற்பனை மிஞ்சியது.

இரவலில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. முழு முகத்தை எடுத்தால் அந்த ஆளின் குணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நடிகரை நினைத்து எழுதினால், பாத்திரம் அந்த நடிகர் செய்யக்கூடியதை மட்டுமே செய்யும். செய்கையை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர் தறிச் சத்தத்துக்குப் பழகி வீட்டிலும் உரக்கவே பேசுவார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்ப்பார். பிச்சிப்பூ கட்டும் பெண் கையைப் பார்ப்பதே இல்லை. கண் தெருவில் இருக்கும், வாய் விலை சொல்லும், விரல் தன்பாட்டில் முடிச்சுப் போடும். இவர்கள் கறுப்பா சிவப்பா என்று சொல்லாமலே வாசகருக்கு ஆள் தெரிந்துவிடுகிறது.

நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. தம் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்துவதை எதிர்த்து, ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். தறிக்காரருக்கும் பூக்காரிக்கும் அந்த வசதி கிடையாது. சின்ன ஊரில் புருவத் தழும்பு ஒன்றைச் சொன்னாலே டீக்கடையில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கதையில் அந்தத் தழும்புக்காரர் திருடனானால், நிஜத்தில் தலைகுனிவது அவர் வீட்டுப் பிள்ளைகள். கணினியில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்துக் கதாநாயகனை வரைந்துகொள்ளும் இந்தக் காலத்தில் இந்த அபாயம் இன்னும் கூடியிருக்கிறது.

எனவே எழுதுகிறவர்கள் ஒருவரிடமிருந்தே எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். நடையை ஒருவரிடமும் குரலை வேறொருவரிடமும் வாங்கலாம். அடையாளம் காட்டிக்கொடுக்கும் தழும்பை மட்டும் உரியவரிடமே விட்டுவிட வேண்டும்.