மாறியது மாற்கா, பவுலா?



பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்த கையோடு, "என் மருமகனெல்லாம் எங்கே ஃபாதர் திருந்தப் போகிறான், நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தம் பாவம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. மருமகனுடையதுதான் போகவே போகாது!

இன்று புனித மாற்கு விழா. காலடியில் சிங்கத்தோடு கம்பீரமாக நிற்கும் நற்செய்தியாளராகவே அவரை நமக்குத் தெரியும். ஆனால் திருத்தூதர் பணிகள் நூலில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. பவுலும் பர்னபாவும் புறப்பட்ட முதல் பயணத்தில் உதவிக்குப் போனவர், சைப்பிரசு தாண்டிப் பம்பிலியாவில் கரை இறங்கியதும் எருசலேமுக்கே திரும்பிவிட்டார். ஏன் என்று அந்நூலை எழுதிய லூக்கா சொல்லவில்லை. அம்மாவின் வீடு அங்கேதான் இருந்தது. கதவைத் தட்டினால் பணிப்பெண் வந்து கேட்கிற வீடு.

அடுத்த பயணத்துக்கும் மாற்கைக் கூட்டிப்போவோம் என்றார் பர்னபா. கூடவே கூடாது என்றார் பவுல். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தே போனார்கள். மாற்கு பர்னபாவுக்கு நெருங்கிய உறவினர் என்று கொலோசையர் திருமுகம் சொல்கிறது. ஆக, சொந்தக்காரருக்குச் சிபாரிசு! பவுல் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாதி வழியில் விட்டுப்போனவரை நம்பி மறுபடி எப்படிக் கிளம்புவது?

ஆனால் இதற்கெல்லாம் முன்பு, தமஸ்கு வழியில் மனம் மாறிய பவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். அவர் மாறிவிட்டார் என்று யாரும் நம்பவில்லை. அன்று அவரைத் திருத்தூதர்களிடம் கூட்டிப்போய், "இவரை நம்பலாம்" என்று பரிந்து பேசியவர் யார்? இதே பர்னபா! ஸ்தேவானைக் கல்லால் எறிந்தவர்களின் மேலுடைகளைக் காலடியில் வைத்திருந்தவர் மாறலாமாம். பாதியில் வீடு திரும்பியவர் மாறமாட்டாராம்.

பவுலைக் குறை சொல்லி என்ன? "முதலில் திருந்திக் காட்டட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம்" என்பதுதானே நம் வீட்டுச் சட்டமும் அன்பியத்துச் சட்டமும்? பர்னபா முதலில் சேர்த்துக்கொண்டார். கப்பல் ஏற்றி, அதே பழைய வேலையைக் கையில் கொடுத்தார். உட்கார வைத்துப் புத்தி சொன்னதாக ஒரு வரியும் இல்லை. திரும்ப ஒரு வேலை கிடைக்காதவன் எதில் திருந்திக் காட்டுவான்?

பல ஆண்டுகள் கழித்து, திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், சிறையில் இருக்கும் பவுல் சில உதவிகள் கேட்கிறார். துரோவாவில் விட்டுவந்த போர்வை வேண்டும். நூல்கள் வேண்டும். கூடவே மாற்கும் வேண்டும்; தம் பணிக்கு அவர் மிகவும் பயன்படுவாராம்.

"பர்னபா அன்று சொன்னதுதான் சரி" என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று அந்தத் திருமுகம் முழுவதும் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த அளவுக்குப் பவுல் மாறவில்லை போலும்.