அறிந்தும் அறியாமலும்

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். தெற்கேயிருந்து பச்சைத் திட்டுக்கள் மிதந்து வந்து படகின் வழியை மறிக்கும். கோட்டைக் கொச்சியின் சீன வலைகளில் மீனுக்குப் பதிலாக அவையே ஏறி வரும். ஆகாயத் தாமரை என்பது அதன் பெயர். தாமரை என்னும் திருப்பெயரை இதற்குச் சூட்டியவர் யாரோ அறியோம். அதன் ஊதாப்பூ அழகுடையதே, எனினும் வலை இழுப்பவனிடம் அதைச் சொல்லத் துணியமாட்டோம். கடலின் உப்பு ஏறும்போது அது மடிந்து அழுகும். அழுகல் நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். மீன்கள் மூச்சற்று மாளும்.

செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இத்தனை தழைக்க அதற்கு உணவு எங்கிருந்து வந்தது என்பதே நமது வினா.

வேம்பநாட்டுக் காயலின் தென்பால் குட்டநாடு கிடக்கிறது. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்கள் அங்குண்டு. வரம்பு கட்டி, 'பெட்டியும் பறையும்' என வழங்கும் பொறியால் நீரை வெளியே இறைத்த பின்னரே அவற்றில் நெல் விதைக்க இயலும். இறைக்கும் நீரோடு வயலின் மிச்சமும் வெளியேறுகிறது. அம்மிச்சத்தில் முதன்மையானது மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ்.

தழைச்சத்தைப் போல இது எளிதில் ஓடிவிடாது. மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் இதைப் பற்றிக்கொள்ளும். ஆகவே எவ்வளவு இட்டாலும் மண் காக்கும் என்று நெடுநாள் நம்பினர். ஆனால் பற்றும் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. ஆண்டுதோறும் இட்டு அது நிறைந்தபின் மேலும் இடுவது வண்டலோடும் நீரோடும் போய்விடுகிறது. அன்றியும், வயலில் நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால், இரும்பு தான் பிடித்திருந்ததையும் நெகிழவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமின் நூற்றில் சில பங்கு சேர்ந்தாலே பாசி பெருகும். 1973-இல் கனடாவின் ஒண்டாரியோவில் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் தோழர்களும் ஓர் ஏரியைத் திரையால் இரு கூறாக்கினர். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் இட்டனர்; மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டனர். மறு பாதி மட்டுமே பச்சையாயிற்று.

குட்டநாட்டில் இதற்கு மற்றொன்றும் துணையாயிற்று. 1976 முதல் தண்ணீர்முக்கம் அணை கோடையில் உவர்நீரைத் தடுத்து நெல்லைக் காக்கிறது. களையைக் கொல்லும் உப்பும் அதனோடு தடுக்கப்பட்டது.

இதில் எவர் தீங்கை நினைத்தார்? பர்மா அரிசி வாராது திருவிதாங்கூர் பட்டினி கிடந்த நாட்களில், 1943-இல், திருச்சியைச் சார்ந்த சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று ஏலூரில் உர ஆலைக்கு வித்திட்டனர். 1947-இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. சோறு விளைவித்தவரைக் குற்றவாளி என்பது நன்றிகொன்ற பேச்சு. எண்ணமே வினை என்று கொள்ளும் நாம், தீய எண்ணமில்லாத இடத்தில் தீவினையை எங்ஙனம் காண்போம்?

விநயத்தில் ஒரு விதி உண்டு: நீரில் உயிர்கள் இருப்பதை அறிந்தே அந்நீரைப் பயன்படுத்தும் பிக்கு குற்றத்துக்கு ஆளாவார். 'அறிந்தே' என்ற அச்சொல்லில்தான் நம் வழக்குத் தங்கியுள்ளது. 2013-இல் வெளியான கேரள மண் ஆய்வு முடிவுகள், பெரும்பாலான இடங்களில் மணிச்சத்து தேவைக்கு மிஞ்சி நிற்பதைக் காட்டின. அதற்கு முன் இட்டது அறியாமை. பின் இடுவதும் அதுவேயாகுமா?

உழவன் மீது சட்டெனத் தீர்ப்புக் கூற நமக்கு மனம் வரவில்லை. அவன் வாங்கும் கலப்பு உர மூட்டை ஒன்றில் தழைச்சத்து நூற்றுக்கு 20, மணிச்சத்தும் 20. ஒன்றை நாடினால் மற்றது ஒட்டி வருகிறது. கடன்பட்டு விதைத்தவனுக்கு ஒரு மூட்டை குறைப்பது பெரும் துணிச்சல். அவனை ஆட்டுவது பேராசையன்று, அச்சம். அச்சம் கொண்டவனிடம் ஆய்வுத் தாளை நீட்டிவிட்டு 'இனி நீ அறிந்தவன்' என்பது நீதியாகாது. மண்ணில் ஏற்கெனவே தேங்கியது பல போகங்களுக்குப் போதும் என்று அவன் வயலில் ஒரு மூலையில் விளைத்துக் காட்டினாலன்றோ அறிவு நம்பிக்கையாகும்!

துறையில் நின்று தெற்கே விரல் நீட்டும் நாமும் தப்பவில்லை. மட்டாஞ்சேரியின் கல்வத்திக் கால்வாயில் கலக்கும் வீட்டுக் கழிவிலும் அதே பாஸ்பரஸ் உண்டு. நோயற்ற பிக்கு நீரில் எச்சில் உமிழ்தலும் கூடாது என்ற விதியை வாசித்துவிட்டு, நம் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறதென்று நாம் கேட்டதுண்டா? இதில் அறியாமையைச் சாட்டாக நாம் கூற இயலாது, மூக்கே சாட்சி.

ஒன்று மட்டும் நமக்குத் தெளிவு. குட்டநாட்டில் எவனும் தனியே நீர் இறைப்பதில்லை. ஒரு பாடசேகரத்தின் உழவர் அனைவரும் கூடியே இறைக்கின்றனர். அங்ஙனமாயின் எவ்வளவு உரம் என்பதையும், பொறி ஓடத் தொடங்குமுன், கூடியே முடிவு செய்யலாம். ஒருவனின் அச்சத்தை நூறுபேர் பங்கிட்டுக்கொள்ளலாம். அவ்வாறு இன்றே தொடங்கினாலும், காயலின் அடிச்சேற்றில் சேர்ந்தது பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும். இன்று துறையில் தூண்டில் போடும் சிறுவர் வளர்ந்து வலை இழுக்கும் காலத்தும் அவ்வூதாப்பூ மிதந்து வரக்கூடும்.